எக்சர்சைஸ் வலி

மூங்கில்துறைப்பட்டு,
5.1.2025

சுதாவுக்கு,

போன் பண்ணாதீர்கள் என்று சொல்லிவிட்டு மலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாய். பண்ணினாலும் அங்கே டவர் கிடைக்காது. அதனால் இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு உனக்குக் கடிதம் எழுதுகிறேன். நிச்சயம் முடிந்து கல்யாணத்துக்குக் காத்திருந்தபோது எழுதினதைவிடக் கையெழுத்து மோசமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்.

பாண்டிச்சேரியிலிருந்து பழனி கூப்பிட்டார். அதுதான், சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிறவர். போன வருஷம் பொங்கலுக்கு நானும் பாப்பாவும் ஒரு வாரம் வந்து அலைமேல் பலகையில் நிற்கக் கற்றுக்கொள்வதாகப் பதிந்து வைத்திருந்தோமே, அதை இந்த மாசிக்குமேல் வைத்திருக்க முடியாதாம். "ரெண்டு பேருதானே சார், பொண்ணும் வருதுல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. பாப்பா போய் ஒன்றேகால் வருஷமாக, பார்க்கிறவரிடமெல்லாம் இல்லை இல்லை என்று சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது.

நான் போகலாம் என்று இருக்கிறேன். பீரோ கதவில் அவள் ஒட்டி வைத்த தாள் அப்படியே இருக்கிறது. 'அப்பாவின் தொப்பையைக் கரைக்கும் திட்டம்' என்று மேலே எழுதி, ஓட்டம், தண்டால், படுத்த இடத்திலிருந்து ஒரே எம்பில் எழுந்து நிற்பது என்று வரிசையாகப் போட்டிருக்கிறாள். திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் ஆரம்பித்துவிட்டேன். தொண்ணூற்றெட்டு கிலோவைத் தூக்கிக்கொண்டு மில் ரோட்டில் ஓடுகிறேன். அரவை நடக்கிற நேரம், ரோடு முழுக்கக் கரும்பு டிராக்டர். ஒரு டிரைவர் வண்டியை மெதுவாக்கி, "இன்னா சார், யாராவது தொரத்துறாங்களா?" என்று நிஜமான கவலையோடு கேட்டான்.

கிணற்றங்கரையில் நான் பேசியது தப்புதான். அதற்காகத்தான் நீ போனாய் என்று தெரியும். நீ வேண்டாம் என்றால் போகவில்லை. ஒரு வரி எழுது.

தீனா


கரியாலூரிலிருந்து உள்ளே,
14.1.2025, பொங்கல்

மூங்கில்துறைப்பட்டு தீனதயாளன் அவர்களுக்கு,

வேண்டாம். ஒரு வரி கேட்டீர்கள், எழுதிவிட்டேன்.

இதோடு நிறுத்தலாம் என்றுதான் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. ஐம்பது வயதில் கடலில் போய் ஆடுவதற்கு உங்களுக்கு எப்படி மனசு வருகிறது? பெற்ற பிள்ளைக்கு வருஷம் திரும்பி மூன்று மாதம் ஆகவில்லை.

கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்ணைப் பூவாடைக்காரிச் சாமியாக வீட்டுக்கு அழைத்து வைப்பது உங்கள் வீட்டிலும் உண்டு, என் வீட்டிலும் உண்டு. அன்றைக்குக் கிணற்றடியில் புதுப் பட்டுப் பாவாடை வைத்து, பூ வைத்து, கலசம் வைத்து இரண்டு மணி நேரம் பம்பை அடித்தார்கள். யார்மேலாவது இறங்கி 'வந்துட்டேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால்தானே கலசத்தில் தண்ணீர் மொண்டு வீட்டுக்குள் கொண்டுவர முடியும்? பம்பைக்காரர் குரல் கம்மிப் போகும்வரை கூப்பிட்டார். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பம்ப்செட் ரூம் பக்கம் நின்றீர்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அது போதாதென்று எல்லார் எதிரிலும், "அவ இந்தக் கெணத்துக்கு வர மாட்டா, உட்டுடுங்க" என்றீர்கள். குதிரை கீழே தள்ளினது பத்தாமல் குழியும் பறித்ததாம். உங்கள் அக்கா பெரியநாயகி முகத்தைக்கூட என்னால் பார்க்க முடியவில்லை. வெறுங்கலசத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தது நான்.

அவள் இன்னும் எங்கேயோ நிற்கிறாள். உள்ளே வராமல் நிற்கிறாள். நீங்கள் சர்ஃபிங் போகிறீர்கள்.

எனக்கு இங்கே எந்தப் பட்டியலும் தேவையில்லை. ஒரு ஊருக்கு ஊசி போடப் போனால் நாலு கிலோமீட்டர் ஏற்றம், அடுத்த ஊருக்கு இறக்கம். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுச் செங்கம்மாள் சாமைச் சோறு கொண்டுவந்து வைத்து, தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

ஒன்றைக் கொடுத்தாயிற்று. இன்னொன்றைக் கொடுக்க என்னிடம் தெம்பில்லை. கடல் வேண்டாம்.

ஜெயசுதா


மூங்கில்துறைப்பட்டு,
2.2.2025

சுதாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் ஓடவில்லை. நாலாம் நாள் ஓடினேன். கோபித்துக்கொள்.

நீ வேண்டாம் என்றால் போகவில்லை என்று நான்தான் எழுதினேன், மறக்கவில்லை. ஆனால் காலையில் எழுந்தால் அந்தத் தாள்தான் கண்ணில் படுகிறது. வீட்டில் வேறு யார் எனக்கு ஏதாவது சொல்கிறார்கள்? அந்தத் தாள் ஒன்றுதான் ஓடு, குனி, எழு என்கிறது.

பக்கத்து நிலத்துச் சடையன் கிணற்றில் இப்போது தினம் நீச்சல். ஒரு வாழைத்தண்டை வெட்டிப் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து எழுந்து நிற்கப் பார்க்கிறேன். வாழைத்தண்டு உருளுகிறது, நானும் உருளுகிறேன். சடையன் மேட்டில் உட்கார்ந்துகொண்டு, "சார், தண்ணி பாதி வெளிய வந்துடுச்சி, இன்னும் ரெண்டு தபா உழுந்தீங்கன்னா மோட்டார் போட வேணாம்" என்கிறான். ஏழு கிலோ குறைந்திருக்கிறது. பாயில் படுத்து ஒரே எம்பில் எழுந்திருக்க இருபதுக்கு நாலு தடவை வருகிறது. பாப்பா முப்பதுக்கு முப்பது எழுந்திருப்பாள்.

நம் கிணற்றுக்கு ஏன் வர மாட்டாள் என்று சொன்னேன் தெரியுமா? அதில்தான் அவளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தேன். முதுகில் பிளாஸ்டிக் கேனைக் கட்டிவிட்டு இறக்கினேன். நாலே நாளில் கற்றுக்கொண்டாள். அப்புறம் ஒரு நாள் மேலே ஏறி வந்து, "கெணத்துல எந்தப் பக்கம் போனாலும் செவுருதாம்பா" என்றாள். கடல், அலை என்ற பேச்செல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. அதை நினைத்துத்தான் சொன்னேன். அது மட்டும்தான் காரணமா என்றால், இல்லை.

பழனி இரண்டு சட்டை அனுப்பியிருக்கிறார். உடம்போடு ஒட்டுகிற நீலச் சட்டை, கடலில் போடுவது. ஒன்று எனக்கு, ஒன்று சின்னது. சின்னதைப் பிரிக்கவில்லை.

உடம்பெல்லாம் வலி. தொடை, இடுப்பு, தோள் எல்லாம். வலி வந்தால் மற்றவர்களுக்கு உடம்பில் வலு ஏறுகிறது என்று சந்தோஷமாக இருக்குமாம். எனக்கு அந்த வலி வந்தாலே பயமாக இருக்கிறது. ஏன் என்று அப்புறம் எழுதுகிறேன்.

தீனா


11.2.2025

பாதி சொல்லிவிட்டு மீதியை விழுங்குவது உங்களுக்கு நாக்கோடு பிறந்த வழக்கம். கல்யாணமான புதிதில் அது எனக்கு அடக்கமாகத் தெரிந்தது.

'அது மட்டும்தான் காரணமா என்றால், இல்லை.' அப்படியானால் வேறு என்ன? வலிக்கு ஏன் பயம்? இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஐந்து நாளாக மலை ஏறி இறங்குகிறேன். நேற்று ஒரு குழந்தைக்கு எடை பார்த்துவிட்டு எழுத மறந்து, மறுபடியும் அந்த வீட்டுக்கு ஏறினேன்.

எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். அந்தச் சின்னச் சட்டையை யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள்.

சுதா


மூங்கில்துறைப்பட்டு,
19.2.2025

சுதா,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

அந்த ஐப்பசியில் நீ காய்ச்சல் கணக்கெடுப்பு டியூட்டியில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தாய். விடிந்ததும் போனால் சாயங்காலம்தான் வருவாய். அந்தச் சனிக்கிழமை காலையில் ஓடும்போதே பாப்பா பின்தங்கினாள். அவள் எனக்குப் பின்னால் வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. "அப்பா, கால் முறியற மாதிரி வலிக்குது, முதுகும் வலிக்குது" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எக்சர்சைஸ் வலிதான், போயிடும்" என்றேன். அதற்கு முந்தின வாரம் எனக்கு அப்படித்தானே வலித்தது, போய்விட்டதே என்று நினைத்தேன். அவளைக் கிண்டல்கூடப் பண்ணினேன். தொப்பை அப்பா ஜெயித்துவிட்டேன் என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமையும் எழுப்பினேன். வேணாம்பா என்றாள். பட்டியலைக் காட்டினேன். அவள் எழுதின பட்டியலை அவளுக்கே காட்டினேன் சுதா. எழுந்து வந்தாள். மில் கேட் வரைக்கும் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை படுத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டர், எத்தனை நாளாக என்று கேட்டார். நேற்றிலிருந்து என்று சொன்னேன். நீ பக்கத்தில்தான் நின்றாய். சனிக்கிழமையிலிருந்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காய்ச்சலோடு ஓடவைத்தேன் என்று உனக்குத் தெரிந்துவிடுமே என்று அந்த நேரத்திலும் நினைத்தேன். மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார், அன்று சாயங்காலம் சூடு இறங்கியது. இரண்டாம் நாளிலேயே இறங்கிவிட்டது, நல்லாயிட்டா என்று சொன்னாய். அது இரண்டாம் நாள் இல்லை. நாலாம் நாள். டெங்குவில் சூடு இறங்குகிற நேரம்தான் கண்டம் என்று நீதான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனாய். வியாழக்கிழமை அவள் இல்லை.

அதனால்தான் கிணற்றடியில் தள்ளி நின்றேன். சாமி இறங்கினால் பேசும். நடந்ததைச் சொல்லும். "வலிக்குதுன்னு சொன்னேன், அப்பாதான் ஓடுன்னாரு" என்று யார் வாயிலாவது வந்துவிடுமோ என்று பயந்தேன். வராதே, வராதே என்று வேண்டிக்கொண்டேன். பெற்ற பிள்ளையை வீட்டுக்குள் வராதே என்று சொன்ன அப்பன் நான். அவள் என் பேச்சைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. எப்போதும் கேட்கிற பிள்ளைதானே.

இனி நீ என்ன சொன்னாலும் சரி.

தீனதயாளன்


கரியாலூரிலிருந்து உள்ளே,
1.3.2025

இலக்கியா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு நீங்கள் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. கையில் கிடைத்ததை எடுத்து அடித்திருப்பேன். ஒரு நாள் என்றால் ஒரு நாள், இரண்டு நாள் என்றால் இரண்டு நாள், அதை வைத்துத்தானே வைத்தியம் எல்லாம்? வாயைத் திறந்து சனிக்கிழமை என்று ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு என்ன கேடு? அன்றைக்குப் பூராவும் வேலைக்குப் போகவில்லை. செங்கம்மாள் வந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஊர்லேர்ந்து சாவுச் சேதியா?" என்றாள். ஆமாம், ஆனால் பழைய சாவு என்று சொன்னேன்.

ஐந்து நாள் திட்டிக்கொண்டே நடந்தேன். ஆறாம் நாள் திட்டுவதற்கு ஆள் மாறிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான் டியூட்டி முடிந்து வந்தேன் இல்லையா. நீங்கள் கடைக்குப் போயிருந்தீர்கள். அவள் பாயில் குப்புறப் படுத்திருந்தாள். "அம்மா, காலு அமுக்கி வுடு" என்றாள். தேங்காயெண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன். கண்ணுக்குப் பின்னாலெல்லாம் வலிக்குது என்றாள். கண்ணுக்குப் பின்னால் வலி. அதைக் காலையிலிருந்து முப்பது வீட்டில் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதிவிட்டு வந்தவள் நான். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். லேசாகச் சுட்டது. வெயிலில் சுற்றின சூடு என்று நினைத்தேன். நினைத்தேனா, இல்லை களைப்பாக இருந்ததால் அப்படி நினைத்துக்கொண்டேனா என்று இன்றுவரை தெரியவில்லை. நானும் அதே வார்த்தையைத்தான் சொன்னேன். "அப்பாகூட சேர்ந்துக்கினு ஆடுற இல்ல, எக்சர்சைஸ் வலிதான், போயிடும்."

டாக்டரிடம் நீங்கள் நேற்றிலிருந்து என்றீர்களே, நான் ஏன் பக்கத்தில் நின்று சும்மா இருந்தேன்? எனக்கும் சனிக்கிழமை தெரியும். நர்ஸ் வீட்டில் மூன்று நாள் கவனிக்காமல் விட்டார்களா என்று அவர் பார்க்கிற பார்வைக்குப் பயந்தேன். நாலாம் நாள் என்று என் அறிவுக்குத் தெரிந்தது. வாய் மட்டும் இரண்டாம் நாள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

கிணற்றடியில் நானும் வேண்டிக்கொண்டேன். வா கண்ணு, வந்துடு, ஆனா பேசாதே என்று. பேசாமல் வா என்றால் எந்தப் பூவாடைக்காரி வருவாள்? நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அவளை வெளியிலேயே நிறுத்தினோம். பழியை மட்டும் உங்கள் தலையில் வைத்துவிட்டு நான் மலை ஏறிவிட்டேன்.

போய்விட்டு வாருங்கள். பன்னிரண்டாம் தேதி மாசி மகம். ஊர் ஊராகச் சாமிகளைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடலுக்குத்தான் வருவார்கள். அன்றைக்கு ஒரு செம்பில் கடல் தண்ணீர் மொண்டு, மஞ்சள் துணி கட்டி எடுத்து வாருங்கள். பட்டுப் பாவாடையை அவள் உயிரோடு இருந்தபோதே கட்ட மாட்டாள். அந்த நீலச் சட்டையைக் கூட எடுத்துக்கொண்டு போங்கள். தண்ணீரில் அவள் உங்களிடம் பேசினால் பேசட்டும். தடுக்காதீர்கள்.

எனக்கு வரத் தைரியம் இல்லை.

இலக்கியா அம்மா


பாண்டிச்சேரி,
14.3.2025

இலக்கியா அம்மாவுக்கு,

முதல் நாளே பழனி, "பொண்ணு எப்ப சார் வருது?" என்று கேட்டார். அப்போதுதான் சொன்னேன். மீனவர் வீட்டுப் பிள்ளை, கடலில் அப்பாவைக் கொடுத்தவராம். என் பலகைக்கு மெழுகு தேய்த்து முடித்ததும், இன்னொரு பலகையை எடுத்து அதற்கும் தேய்த்து, எனக்குப் பக்கத்தில் மணலில் வைத்தார். நான் சட்டையைப் பிரித்து அதன்மேல் விரித்தேன். அதிலிருந்து தினமும் அப்படித்தான்.

நாலு நாள் விழுந்தேன். மூக்கு, காது, வயிறு எல்லாம் உப்புத்தண்ணீர். இரண்டாம் நாளே போனையும் உப்புத்தண்ணீரில் விட்டுவிட்டேன், அது போனது போனதுதான். சடையன் கிணறும் வாழைத்தண்டும் கடலுக்கு ஒரு மூலைக்கும் காணாது.

மகத்தன்று கரையெல்லாம் மேளம். திண்டிவனம் பக்கத்திலிருந்து, செஞ்சியிலிருந்து, கடலையே பார்க்காத ஊர்ச் சாமியெல்லாம் டிராக்டரில் வந்து இறங்கியது. நாங்கள் அந்தக் கூட்டத்துக்கு வடக்கே ஒதுங்கி இருந்தோம். அன்றைக்கு ஒரு அலையில் பழனி பின்னாலிருந்து தள்ளிவிட்டு, எழுங்க என்றார். எழுந்தேன் சுதா. எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. பாயில் எழுகிற மாதிரி எழுந்தேன். மூன்று எண்ணுகிற நேரம் நின்றிருப்பேன். பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. தண்ணீர்தான்.

விழுந்தபிறகு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சத்தமாகவே சொன்னேன். "வலிக்குதுன்னு சொன்ன, நான் கேக்கலம்மா. எல்லார்கிட்டயும் சொல்லு. வந்து சொல்லு." யார்மேலும் இறங்கவில்லை. மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவும் இல்லை. அங்கேயே நின்று அழுதேன். கிணற்றடியில் அழாததையும் சேர்த்து அழுதேன். பழனி வந்து பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். செம்பில் தண்ணீர் மொண்டு துணி கட்டி வைத்திருக்கிறேன். அவள் வந்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. செம்பு கனமாக இருக்கிறது, அவ்வளவுதான் தெரியும்.

நாளைக்கு ஊருக்கு வந்துவிடுவேன். நேற்றிலிருந்து உடம்பெல்லாம் ஒரே அடித்துப் போட்ட மாதிரி. கண்ணெல்லாம் கனக்கிறது, உப்புத்தண்ணீர் பட்டதாக இருக்கும். எக்சர்சைஸ் வலிதான், போயிடும்.

தீனா


கரியாலூர் பஸ் நிறுத்தம்,
18.3.2025, காலை

இலக்கியா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலையில்தான் கைக்கு வந்தது. இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேர்வதற்குள் நான் வந்துவிடுவேன். ஆனாலும் பஸ் வர இன்னும் நேரம் இருக்கிறது, கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன்.

பதினான்காம் தேதி எழுதி, நேற்றிலிருந்து என்று போட்டிருக்கிறீர்கள். நேற்று என்றால் பதின்மூன்று. நன்றாக எண்ணிவிட்டேன். விரல் விட்டு மூன்று தடவை எண்ணினேன். இன்றைக்கு ஆறாம் நாள். இல்லை, அதற்கு முன்னாலேயே வலி இருந்து, எழுதாமல் விட்டீர்களா? உங்களைத் தெரியும், அதனால் கேட்கிறேன்.

மேட்டுக்கு ஏறிப் போய் உங்கள் போனுக்கு அடித்தேன். அது செத்துப்போனது என்று நீங்களே எழுதியிருப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. சடையன் நம்பர் என்னிடம் இல்லை. திருக்கோவிலூரில் பெரியநாயகி அக்காவைப் பிடித்து, உடனே வண்டி வைத்துக்கொண்டு போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். காய்ச்சல் இருக்கிறதோ இல்லையோ, ரத்தம் எடுக்க வேண்டும். எத்தனை நாளாக என்று கேட்டால் பதின்மூன்றாம் தேதியிலிருந்து என்று சொல்லுங்கள். யார் எப்படிப் பார்த்தாலும் பரவாயில்லை, அதையே சொல்லுங்கள். சூடு இறங்கியிருந்தால் நல்லாயிட்டேன் என்று சொல்லாதீர்கள்.

செங்கம்மாள் துணைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். "இப்ப எதுக்கும்மா எழுதிக்கினு இருக்கற?" என்று கேட்கிறாள்.

செம்பைப் பிரிக்காதீர்கள். கிழக்கு மூலையில் வையுங்கள். அந்த நீலச் சட்டையையும் பக்கத்தில் வையுங்கள். மற்றதை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

வெறும் எக்சர்சைஸ் வலியாகத்தான் இருக்கும். ஒரு வாரம் கடலில் விழுந்து எழுந்தால் யாருக்குத்தான் வலிக்காது? எனக்குத் தெரியும். அன்றைக்கும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

பஸ் வந்துவிட்டது. வீட்டிலேயே இருங்கள். நான் வருகிறவரைக்கும் ஓடப் போகாதீர்கள்.

சுதா